பன்னிரண்டாவது ஊசி

போன வாரம் ஜெகதீஸ்வரியை மருத்துவமனை முகப்பில், கையில் ஒரு மஞ்சள் அட்டையோடு நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், அவளும் எவ்வளவு நேரம்தான் நிற்பாள்? வீடு திரும்பிவிட்டாள். அட்டையில் இருந்த தேதியை மாற்றி வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள்.

டாக்டர் அறுவை சிகிச்சைக்குக் குறித்துக் கொடுத்தது வருகிற செவ்வாய்க்கிழமை. இவள் கெஞ்சி வாங்கியது அதற்கு இரண்டு மாதம் கழித்து. இடது மார்பில் இருப்பது கெட்ட கட்டி என்று தெரிந்து இன்றோடு பத்து நாள். "ஒவ்வொரு வாரமும் முக்கியம்மா" என்று அந்தச் சின்ன வயது டாக்டர் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டாள்.

காரணம், மகள் லோஷினியின் கல்யாணம். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முதலில் மகள் கழுத்தில் தாலி ஏறட்டும், தன் உடம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஜெகதீஸ்வரி தனக்குத் தானே போட்ட திட்டம்.

கணவர் சுகுமாரனுக்கு விஷயம் தெரியாது. ஜுரு என்ற ஊரில் பழைய கார் விற்கும் மனிதர் அவர். எஞ்சின் சத்தத்தில் கோளாறு கண்டுபிடிப்பார், மனைவியின் முகத்தில் கண்டுபிடிக்க மாட்டார். லோஷினிக்கும் தெரியாது. மாப்பிள்ளை கவிந்திரனின் அம்மா லெட்சுமிக்கோ தெரியவே கூடாது. "அம்மாவுக்கு வந்தது நாளைக்குப் பெண்ணுக்கும் வருமோ" என்று அந்த வீட்டில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், நிச்சயித்த கல்யாணம் ஆட்டம் கண்டுவிடும் என்று அவள் பயந்தாள். இரவில் விழித்துக்கொண்டு பயந்தாள், சோறு வடிக்கும்போதும் பயந்தாள்.

இப்படிப்பட்ட நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் தலையணை நாள்.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ரோஹானாவின் துணிக்கடைக்கு மேலே ஒரு நீளமான மாடி அறை. மரப்படி ஏறி வந்தால் முதலில் மூக்குக்குப் புதுத் துணி வாசம் எட்டும், அப்புறம் பக்கத்துக் கடையின் மிளகாய்த்தூள். காலை பத்து மணிக்கு ஆறு பெண்கள் அங்கே கூடுவார்கள். மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்காக இதய வடிவில் சின்னத் தலையணைகள் தைப்பார்கள். அக்குளுக்குக் கீழே இடுக்கிக்கொண்டால் கை காயத்தில் உரசாது. இலவசமாக மருத்துவமனைக்குப் போய்ச் சேரும். எப்படி அணைத்துக்கொள்வது என்று காட்டும் படம் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும். அதே படம் ஒவ்வொரு பெட்டியின் மேலும் இருக்கும்.

ஜெகதீஸ்வரி இங்கே வரத் தொடங்கி மூன்று வருடம். அந்தப் படத்தில் இருக்கும் பெண் யாரோ ஒருத்தி என்றே மூன்று வருடமும் நினைத்திருந்தாள்.

ஒரு தலையணையை ஒரே ஆள் முழுதாகத் தைப்பது அங்கே வழக்கமில்லை. ரோஹானா வெட்டுவாள். சித்தி ஆயிஷாவும் (உறவுமுறை இல்லை, பெயரே அப்படித்தான்) காமாரியாவும் மிஷினில் ஓட்டுவார்கள். பஞ்சு அடைப்பது லெட்சுமி. ஆமாம், சாட்சாத் அதே லெட்சுமிதான். இந்த மாடியில்தான் சம்பந்தமே பேசி முடிந்தது. பஞ்சு அடைக்க விட்ட நாலு விரல் வாயைக் கையால் தைத்து மூடுவது ஜெகதீஸ்வரியும் இன்னொரு பெண்ணும். யாருக்குப் போகிறது என்று தெரிந்து தைக்கக் கூடாது, பெயர் எழுதக் கூடாது. இது ரோஹானா போட்ட சட்டம். அக்கா என்ற பொருளில் அவளை 'ராத்தா' என்றுதான் மற்றவர்கள் கூப்பிடுவார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. கைத்தையல் ஊசி மொத்தம் பன்னிரண்டு. சிவப்புப் பஞ்சுத் திண்டில் பன்னிரண்டும் திரும்பி வந்த பிறகுதான் பெட்டி மூடப்படும். எண்ணுவது சித்தி ஆயிஷாவின் வேலை.

மதியம் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கடைக்காரர்கள் வெளியே தொங்கவிட்ட சேலைகளை அவசரமாக உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. கீழே எந்தக் கடையிலோ பாட்டு ஓடியது. மழைக்குள் அதன் வரிகள் கரைந்து, மெட்டு மட்டும் மேலே ஏறி வந்தது.

ஜெகதீஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தாள். பத்து நாளாக அவளுக்கு எல்லாமே ஒரு மெல்லிய துணி வழியாகத் தெரிவதுபோல்தான் இருந்தது. பேசுகிறவர்களின் வாய் அசைவது முதலில் தெரியும், சொல் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்து சேரும். இன்றைக்கு மழை வேறு. மின்விசிறிக் காற்றில் பஞ்சுத் துணுக்குகள் எழும்பி, எங்கே போவது என்று தெரியாமல் மெதுவாகச் சுற்றின. ஒரு துணுக்கு அவள் கண்ணெதிரில் வெகுநேரம் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே மூடினாள், நூலை அறுத்தாள், அடுத்ததை எடுத்தாள். லோஷினி மூன்று வயதில் துணிக் குவியலுக்குள் தூங்கிப்போன ஒரு மதியம் நினைவுக்கு வந்தது. அந்த மதியத்துக்குள்ளேயே அவள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்குச் சித்தி ஆயிஷா எண்ணினாள். திரும்ப எண்ணினாள். அப்புறம் திண்டைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"ராத்தா, பதினொன்னுதான் இருக்கு."

மிஷின் சத்தம் நின்றது.

"சரியா எண்ணு லா" என்றாள் ரோஹானா.

"மூணு தடவ எண்ணிட்டேன். ஒன்னு குறையுது."

"எல்லாரும் தோளப் பாருங்க. அங்கதான் இருக்கும். போன ரமலானுக்கு முன்ன காமாரியா சட்டையில குத்திக்கிட்டே பஸ் ஏறிப் போயிட்டா, ஞாபகம் இருக்கா?"

காமாரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கையால் தைக்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிற வழக்கம்தான். நூலை அறுத்ததும் ஊசியை இடது தோளுக்குக் கீழே, சட்டையிலேயே குத்திக்கொள்வது. ஆறு பேரின் வலது கைகளும் இடது தோளுக்குப் போயின.

ஐந்து கைகள் தடவிப் பார்த்தன. ஜெகதீஸ்வரியின் கை பாதியிலேயே நின்றது.

பரிசோதனைக்கென்று சதை எடுத்த நாளிலிருந்து அவள் அங்கே ஊசி குத்துவதில்லை. துணி பட்டாலே வலிக்கிற இடம் அது. நூலை அறுத்ததும் கையிலிருக்கும் தலையணை மேலேயே ஊசியைக் குத்தி வைத்து, கீழே வைக்கும்போது எடுத்துக்கொள்வாள். போன சனிக்கிழமை ஞாபகமாக எடுத்தாள். இன்றைக்கு? திண்டில் ஊசிக்குக் குறைவில்லை, ஒன்றை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது.

பஞ்சுத் துணுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, என்று நினைத்தாள்.

மேசைக்கு அடியில் தேடினார்கள். பாயை உதறினார்கள். காமாரியா கீழே ஓடிப்போய், கடையின் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த டுரியான் பழ வடிவக் காந்தத்தைப் பிடுங்கி வந்து ஒவ்வொரு தலையணையின் மேலும் தேய்த்தாள். அது காகிதத்தைப் பிடித்துவைக்கவே சிரமப்படுகிற காந்தம். இத்தனை பஞ்சைத் தாண்டி அது என்ன செய்யும்? ஜெகதீஸ்வரியும் எல்லோருடனும் சேர்ந்து தேடுவதுபோல் நடமாடினாள். கையில் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டாள், அதைக் கீழே வைக்கவே தோன்றவில்லை.

ரோஹானா இடுப்பில் கைவைத்து நின்றாள். "அப்ப ஒன்னும் வெளிய போகக் கூடாது. நாப்பது தலாணியையும் பிரிக்கணும்."

"நாலு மணிக்கு லோஷினி பெட்டி ஏத்த கார எடுத்துக்கிட்டு வந்துரும் ராத்தா!" என்றாள் சித்தி ஆயிஷா.

"வரட்டும். சும்மா திரும்பிப் போகட்டும்."

"திங்கக்கிழமை ஏழு பேருக்கு ஆபரேஷன் லா. வார்டு சிஸ்டர் நேத்துகூட போன் பண்ணி எப்ப வரும்னு கேட்டாங்க."

"வெட்டுன காயத்துக்கிட்ட வச்சு அணைக்கிற தலாணி ஆயிஷா. அதுக்குள்ள ஊசி இருந்தா அந்தப் பொம்பளைக்கு எப்படி இருக்கும்? நீயே சொல்லு."

ஜெகதீஸ்வரிக்கு மட்டும் அந்தப் பெண் தெரிந்தாள். படுக்கையில் ஒருக்களித்து, வலி தணிந்த ஒரு நிமிஷத்தில் தலையணையை மார்போடு இறுக்குகிறாள். இந்தத் தடவை அந்த முகம் யாரோ ஒருத்தியின் முகமாக இல்லை.

வாயைத் திறக்காவிட்டால் நாற்பதையும் பிரிப்பார்கள். ஏழு பேருக்குத் திங்கட்கிழமை ஒன்றும் கிடைக்காது. வாயைத் திறந்தாலோ... அவள் லெட்சுமியைப் பார்த்தாள். லெட்சுமி பஞ்சு ஒட்டிய கைகளோடு, யாரைத் திட்டலாம் என்பதுபோல் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சீர்த்தட்டு பதினொன்றா இருபத்தொன்றா என்று இரண்டு வாரம் சண்டை பிடித்தவள் அல்லவா, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

"நாப்பதும் வேணாம்" என்றாள் ஜெகதீஸ்வரி. தன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் அவளுக்கே கேட்டது. "ஊசி என்கிட்ட இருந்ததுதான். சாப்பிட்டப்புறம் நான் மூடுனத மட்டும் பிரிச்சா போதும். எட்டுதான்."

"நீயா?" ரோஹானாவுக்கு நம்ப முடியவில்லை. "சரி, விடு. உன் தையலத்தான் எனக்குக் கண்ணக் கட்டிவிட்டாலும் தெரியுமே."

ஜெகதீஸ்வரியின் தையல் கடுகு கடுகாக இருக்கும். துணிக்குள் ஒளிந்துகொள்ளும், இழுத்தாலும் பிரியாது. ரோஹானா குவியலில் ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். நாற்பதும் கை மாறியது. அவள் நெற்றி சுருங்கியது.

"காலையில மூடுனதுலயும் காணோம், மதியத்துலயும் காணோம். உன் தையல் இதுல ஒன்னுகூட இல்லையே ஜெகா."

லெட்சுமி ஒரு பச்சைத் தலையணையைத் தூக்கிக் காட்டினாள். "அது கெடக்கட்டும், இது யாரு தச்சது? பல்லு மொளைக்காத பிள்ள கடிச்ச மாதிரி இருக்கு. இந்த மாதிரி நெறைய கெடக்கு பாருங்க."

மற்ற நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

"அது என்னுது" என்றாள் ஜெகதீஸ்வரி. "எல்லாம் என்னுதுதான். மதியம் மூடுனது மேல நீல நூல் போட்டிருக்கேன். காலையில வெள்ளை."

"ஒங்களுதா?" லெட்சுமி தையலைப் பார்த்தாள், பிறகு ஜெகதீஸ்வரியைப் பார்த்தாள். பார்வை அவள் முகத்திலிருந்து கைக்கு இறங்கியது. கையிலிருந்து சுவரில் இருந்த படத்துக்குப் போனது. திரும்பவும் கைக்கு வந்தது.

"சம்பந்தி" என்றாள் மெதுவாக. "அந்தத் தலாணிய ஏன் அப்படிப் பிடிச்சிருக்கீங்க?"

ஜெகதீஸ்வரி குனிந்து பார்த்தாள். தேடும் சாக்கில் எடுத்த தலையணையை அவள் இடது அக்குளுக்குக் கீழே இடுக்கியிருந்தாள். கூர்முனை கீழே, இரண்டு வளைவும் கையை அணைத்தபடி, படத்தில் இருக்கிற மாதிரியே. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படி வைத்தால் வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பிடி தெரியும். மூன்று வருடமாக அதற்காகத்தானே தைக்கிறார்கள். சித்தி ஆயிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்பலேருந்து?" ரோஹானா கேட்டாள்.

"தெரிஞ்சு பத்து நாளாச்சுக்கா." சொல்லிவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பாரத்தை இறக்கி வைத்தால் கை தானாக மேலே எழும்புமே, அப்படித்தான் இருந்தது. "கைய இழுத்துப் பிடிச்சு தைக்க முடியல. தோளுல ஊசி குத்தவும் முடியல. தலாணியிலயே குத்தி வச்சேன். எடுக்க மறந்துட்டேன், பஞ்சுக்குள்ள எறங்கிருச்சு. என்ன மன்னிச்சிருங்க."

லெட்சுமி பிரிக்கும் கத்தியை எடுத்து, பச்சைத் தலையணையின் நீல நூலில் வைத்தாள். சரக்கென்று முதல் தையல் அறுந்தது.

எட்டையும் பிரித்தார்கள். பஞ்சைக் கொத்துக் கொத்தாக எடுத்து, விரலால் நீவிப் பார்த்து, பாயில் குவித்தார்கள். மழை குறைந்து வெயில் எட்டிப் பார்த்தது. அறை முழுக்கப் பஞ்சு மிதந்தது. ரோஹானாவின் முக்காட்டில், காமாரியாவின் இமையில், மிஷின் சக்கரத்தில் எல்லாம் போய் உட்கார்ந்தது. ஜெகதீஸ்வரியை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. ஜன்னலோரம் உட்கார வைத்து, சித்தி ஆயிஷா அவள் கையில் தே தாரே டீயைத் திணித்தாள். தனக்கு இனிமேல் எல்லோரும் இப்படித்தான் எதையாவது கையில் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அது பிடிக்கவும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

ஆறாவது தலையணையில் லெட்சுமியின் கை வெடுக்கென்று பின்னால் வந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.

"இருக்கு" என்றாள்.

சித்தி ஆயிஷா திண்டை நீட்டினாள். பன்னிரண்டு.

மற்ற ஏழையும் திரும்ப அடைத்து மூடப் பத்து நிமிஷம் ஆனது. எல்லோருமே கையில் ஊசி எடுத்தார்கள். ஊசி கிடைத்த தலையணையை ரோஹானா தனியே ஒதுக்கினாள். "இது வேணாம். இது வார்டுக்குப் போகக் கூடாது. முப்பத்தொம்பதா போகட்டும்."

லெட்சுமி அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்து, ஜெகதீஸ்வரிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். விரலை ஒரு தடவை சூப்பிவிட்டுப் பஞ்சை அடைக்கத் தொடங்கினாள்.

"ஆபரேஷன் எப்ப?"

"இந்தச் செவ்வாய்க்கிழமை குடுத்தாங்க. நான் மாத்திட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு."

"எதுக்கு?"

ஜெகதீஸ்வரி கையிலிருந்த கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"கல்யாணத்துக்கா? நான் தட்டு எண்ணிக்கிட்டு சண்ட போட்டேன்ல, அதுல பயந்துட்டீங்க."

"தட்டுக்கு இல்ல சம்பந்தி. நாளைக்கு லோஷினிக்கும் வந்துருமோன்னு உங்க வீட்டுல நெனச்சுட்டா?"

லெட்சுமியின் கை நின்றது. இந்த இடத்தில் 'சேச்சே, அப்படியெல்லாம் நினைப்போமா' என்று சொல்வது ரொம்பச் சுலபம். சொல்லியிருந்தால் ஜெகதீஸ்வரி ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். லெட்சுமி அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

"அதுக்கு எங்கிட்ட இன்னைக்குப் பதில் இல்ல" என்றாள். "பொய் சொல்ல மாட்டேன். வீட்டுல பேசணும். கவிந்திரன் என்ன சொல்வான், அவங்க அப்பா என்ன சொல்வாருன்னு எனக்கே தெரியல. நாளைக்குச் சாயந்திரம் நாங்க மூணு பேரும் உங்க வீட்டுக்கு வர்றோம்."

ஜெகதீஸ்வரி தலையை அசைத்தாள்.

"ஆனா ஒன்னு. திங்கக்கிழமை காலையில போயி அந்தச் செவ்வாய்க்கிழமைய திரும்ப வாங்குறீங்க. நானே கூட வர்றேன். எந்தத் தேதிய மாத்துறதுன்னுதான் தப்பாப் பண்ணிட்டீங்க சம்பந்தி. கல்யாணத்த எப்ப வேணா வச்சுக்கலாம் லா."

வைத்துக்கொள்ளலாம் என்றாளா, வைத்துக்கொள்வோம் என்றாளா? ஜெகதீஸ்வரி கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

லெட்சுமிக்கு மூடும் தையல் சரியாக வராது. பஞ்சு அடைக்கிற கை அது. நாலு விரல் வாயை மூட அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் காமாரியா பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தலையணையை ஜெகதீஸ்வரியின் மடியில் வைத்தாள். தையல் கோணல் மாணலாக, ஆனால் கெட்டியாக இருந்தது.

"பேரு தெரிஞ்சு தைக்கக் கூடாதுன்னு சட்டம்" என்றாள் ரோஹானா அங்கிருந்தபடியே. குரலில் கண்டிப்பைக் கொண்டுவரப் பார்த்தாள், முடியவில்லை.

"சட்டம் பெட்டிக்குள்ள போறதுக்குத்தானே ராத்தா" என்றாள் லெட்சுமி.

அப்போது மரப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் அந்தச் சத்தத்தை ஜெகதீஸ்வரி இருபத்தாறு வருடமாக அறிவாள்.

"அலமாக், என்னா இது, ரூமுக்குள்ள மேகம் பூந்துருச்சா?" லோஷினி வாசலில் நின்று சிரித்தாள். முடியெல்லாம் மழைத்துளி. "அத்தை, உங்க மூக்குல பஞ்சு. கார ரோட்டோரமா போட்டிருக்கேன், சம்மன் வச்சுருவாங்க, சீக்கிரம் லா. எத்தன பெட்டி?"

லோஷினி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"முப்பத்தொம்பதா? நாப்பதுன்னு சிஸ்டர்கிட்ட சொல்லிருக்கேனே." திரும்பினாள். ஜன்னலோரம் அம்மாவைப் பார்த்தாள். "ஓ, ஒன்னு உங்ககிட்ட இருக்கு. குடுங்கம்மா, அதையும் வச்சிர்றேன்."

சிரித்தபடியே வந்து கையை நீட்டினாள்.

ஜெகதீஸ்வரி லெட்சுமியைப் பார்த்தாள். லெட்சுமி தலையை ஆட்டவும் இல்லை, பார்வையை எடுக்கவும் இல்லை.

மடியில் இருந்த தலையணையை ஜெகதீஸ்வரி இரண்டு கைகளாலும் எடுத்தாள். மகளின் கையில் கொடுக்கவில்லை. இடது கையை மெல்லத் தூக்கி, அதை அக்குளுக்குக் கீழே வைத்து, கையை அதன் மேல் இறக்கினாள்.

"இது பெட்டிக்கு இல்லம்மா" என்றாள்.

மூன்று வருடமாக அந்தப் படம் ஒட்டிய பெட்டிகளைத் தூக்கிப்போய்க் கொடுத்தவள் லோஷினி. அவள் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.